ஆண்டுக்கு 6,000 ரூபாய்: ஆவணங்களைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

முடிச்சூர், அகரம்தென், வேங்கடமங்கலம், பொன்மார் எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைநிலங்கள் பலவும் வீட்டுமனைகளாகிவிட்டன. மிஞ்சிய சொந்த நிலத்தில் இன்னும் பயிர் வைப்பவர்களுக்கு உரிய உதவித்தொகை பி.எம். கிசான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வரவாகும். தகுதி இருந்தால் கேட்டுப் பெறலாம். அதற்கு யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.

2020 கற்றுத் தந்த பாடம்

கொரோனா காலத்தில் இத்திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரிய மோசடி நடந்தது. அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, நிலமே இல்லாத பலரைத் தரகர்கள் விவசாயிகளாகப் பதிவு செய்தார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதியற்றவர்கள் எனத் தெரியவந்தது. சுமார் 110 கோடி ரூபாய் தவறாகப் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்த மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. 'அரசு பணம் வாங்கித் தருகிறோம்' என்ற பேச்சை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த ஏழைகளின் கணக்கிலிருந்தே பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது.

யாருக்குக் கிடைக்கும்?

சாகுபடி நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். 1.2.2019-க்குள் பெயர் பதிவாகியிருப்பது பொது விதி. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இதில் விலக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். வருமான வரி கட்டுவோர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் விண்ணப்பிக்க முடியாது; கடைநிலை ஊழியராக இருந்தவர்களுக்கு மட்டும் ஓய்வூதிய வரம்பு பொருந்தாது. மனையாக மாற்றிய நிலத்துக்கும் தொகை இல்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்களைத் திட்டம் சேர்க்கவில்லை. வியர்வை சிந்துபவரை வெளியே நிறுத்தும் இந்தக் குறையை அரசு சரிசெய்தாக வேண்டும்.

பணம் நின்றுவிட்டால்

முதலில் பட்டாவைப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். அடுத்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, இ-கே.ஒய்.சி. முடிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையா? வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 155261 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வலை

பி.எம். கிசான் பெயரில் ஏ.பி.கே. கோப்போ இணைப்போ வந்தால் திறக்காதீர்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தகுதியில்லாமல் உங்கள் பெயரில் பணம் வந்திருந்தால், செலவழிக்காமல் வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருப்பிச் செலுத்துங்கள்.

மனுவுக்குப் பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில், யாரால், என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது? 30 நாளுக்குள் பதில் தருவது அலுவலகத்தின் கடமை.