குவார்க்கின் ஸ்பின்: உங்கள் எக்ஸெல்லில் ஒரு சிறு சோதனை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமை மளிகைக் கணக்கு போடவும், மார்க் ஷீட் தயாரிக்கவும்தான் பயன்படுத்துகிறார்கள். அதே எக்ஸெல்லைக் கொண்டு, ஜெனீவா அருகே விஞ்ஞானிகள் குவார்க் என்னும் துகளின் ஸ்பின்னை எப்படி அளந்தார்கள் என்பதையும் புரிந்து கொள்ளலாம். இதற்கு இன்டர்நெட் இணைப்பு கூடத் தேவையில்லை. எப்படி என்று பார்ப்போம்.

ஸ்பின் என்றால் என்ன?

அணுவுக்குள் அணுக்கரு இருக்கிறது. அதற்குள் புரோட்டான், நியூட்ரான்கள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் குவார்க்குகளால் ஆனவை. எலெக்ட்ரானைப் போலவே குவார்க்குக்கும் ஸ்பின் என்னும் பண்பு உண்டு. பெயர் ஸ்பின் என்றாலும் அது பம்பரம் போல் சுற்றுவதில்லை. ஆனால் சுற்றும் பொருளுக்கு உள்ளதைப் போல அதற்கும் ஓர் அச்சு, ஒரு திசை இருக்கிறது. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் மேல் அல்லது கீழ் என்று இரண்டே விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். கம்ப்யூட்டரின் 0, 1 போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்பின் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்கின் ஹெட், தட்டில் பதிந்துள்ள தகவலைப் படிப்பது எலெக்ட்ரானின் ஸ்பின்னைப் பயன்படுத்தித்தான். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பார்க்க முடியாததை அளப்பது எப்படி?

குவார்க்கைத் தனியே பிரித்தெடுத்துப் பார்க்க முடியாது. வெளியே வந்த நொடியிலேயே மற்ற குவார்க்குகளோடு சேர்ந்து வேறு துகளாகிவிடும். அதன் ஸ்பின் பற்றிய தகவலும் பெரும்பாலும் கலைந்து போகும்.

இதற்கு விதிவிலக்கு டாப் குவார்க். இது 1995-ல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மும்பையின் டாடா ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் அந்த ஆய்வில் பங்கு பெற்றன. ஒரே ஒரு டாப் குவார்க்கின் எடை ஏறத்தாழ ஒரு முழுத் தங்க அணுவின் எடைக்குச் சமம். இவ்வளவு கனமாக இருப்பதால் அது மிகச் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. மற்ற குவார்க்குகளோடு சேர அதற்கு நேரமே இல்லை. எனவே அதன் ஸ்பின் தகவல் கலையாமல், சிதைந்து வெளிவரும் துகள்களுக்குப் போய்ச் சேருகிறது.

தீபாவளிக்கு விடும் தரைச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். இருட்டில் சக்கரம் தெரியாவிட்டாலும், பொறி பறக்கும் திசையை வைத்து அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். டாப் குவார்க் சிதையும்போது சில சமயம் எலெக்ட்ரான் அல்லது மியூவான் பறக்கும். அதுதான் நமக்குப் பொறி. ஒரு வித்தியாசம்: இந்தப் பொறி ஒவ்வொரு தடவையும் சரியாக ஸ்பின் திசையிலேயே பறக்காது, அந்தப் பக்கம் பறக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஆகவே ஒரு மோதலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஏராளமான மோதல்களைப் பார்த்து சராசரி எடுக்க வேண்டும்.

ஒரு சராசரி, ஒரு எல்லை

செர்ன் ஆய்வுக்கூடத்தின் எல்எச்சி இயந்திரம் 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. அதில் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி தடவை குறுக்கிடுகின்றன. எல்லாவற்றையும் சேமிக்க எந்த டிஸ்க்கும் போதாது. வேகமான எலெக்ட்ரானிக் சுற்றுகளும் கம்ப்யூட்டர்களும் சல்லடையாகச் செயல்பட்டு, 2015 முதல் 2018 வரையிலான காலத்தில் நொடிக்குச் சுமார் ஆயிரம் நிகழ்வுகளை மட்டும் எடுத்து வைத்தன.

இவற்றில் சிலவற்றில் ஒரு டாப் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாகப் பிறக்கின்றன. இரண்டும் ஆளுக்கொரு பொறியைத் தருகின்றன. அந்த இரு பொறிகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒரே திசை என்றால் 1, எதிரெதிர் திசை என்றால் மைனஸ் 1, செங்குத்து என்றால் 0. ஒவ்வொரு பொறியின் திசையையும் அதன் தாய்க் குவார்க்கோடு கூடவே பயணம் செய்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி மாற்றிக் கொண்டு அளக்க வேண்டும். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இரு ஸ்பின்களுக்கும் தொடர்பே இல்லை என்றால் சராசரி 0 வரும். இரு குவார்க்குகளும் தனித்தனி நிலையில் இருந்து, சாதாரணத் தொடர்பு மட்டும் இருந்தால் சராசரி அதிகபட்சம் 9-ல் 1 பங்கு, அதாவது சுமார் 0.11 வரைதான் போகும். அதையும் தாண்டினால் இரண்டையும் தனித்தனியாகக் கருதவே முடியாது. குவாண்டம் பின்னல் ஏற்பட்டுள்ளது என்று பொருள்.

இப்போது எக்ஸெல்லைத் திறங்கள்

1. ஏ1 செல்லில் சமக் குறி போட்டு, ரேண்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துகளாக டைப் செய்யுங்கள். தொடர்ந்து ஒரு திறப்பு அடைப்புக்குறி, ஒரு மூடும் அடைப்புக்குறி, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, 2, கழித்தல் குறி, 1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் வரும். தொடர்பே இல்லாத இரு பொறிகளின் கொசைன் இப்படித்தான் இருக்கும்.

2. அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து 1000-வது வரிசை வரை இழுத்து விடுங்கள். ஆயிரம் மோதல்கள் தயார்.

3. சி1 செல்லில் ஆவரேஜ் ஃபங்ஷனைக் கொண்டு முதல் 10 வரிசைகளின் சராசரியை எடுங்கள். சி2 செல்லில் 1000 வரிசைகளின் சராசரியை எடுங்கள்.

4. இப்போது எஃப்9 கீயைத் தட்டிக் கொண்டே இருங்கள். தட்டும்போதெல்லாம் எண்கள் புதிதாக மாறும்.

சி1-ஐக் கவனியுங்கள். உண்மையான விடை 0 என்றாலும், அது அடிக்கடி 0.18-ஐத் தாண்டும், சில சமயம் மைனஸிலும் அவ்வளவு தூரம் போகும். பத்து மோதல்களை மட்டும் பார்த்தவர் பின்னலைக் கண்டுவிட்டதாக ஏமாந்து போவார். சி2 அப்படி ஆடாது. பெரும்பாலும் 0-க்கு 0.04 அளவுக்குள்ளேயே நிற்கும். வரிசைகள் நூறு மடங்கு ஆனால் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதுதான் கணக்கு.

அட்லஸ் குழு கண்டது

எல்எச்சியில் இயங்கும் அட்லஸ் குழு தன் முடிவை 2023 செப்டம்பரில் அறிவித்தது. 2024-ல் அது நேச்சர் இதழில் வெளியானது. லட்சக்கணக்கான நிகழ்வுகளைச் சலித்து, ஜோடி குறைந்த ஆற்றலில் பிறந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் கொசைன் சராசரி சுமார் 0.179 வந்தது. அளவிடும் முறையால் எல்லையும் சற்று நகர்ந்து 0.107 ஆகிறது. பிழைக்கான இடம் 0.01-க்கும் குறைவு. ஆக, எல்லை தெளிவாகத் தாண்டப்பட்டிருக்கிறது.

துகள் இயற்பியலில் ஒன்றைக் கண்டோம் என்று சொல்ல, அது தற்செயலாக வர 35 லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு என்ற அளவுக்கு உறுதி வேண்டும். இந்த முடிவு அந்த அளவையும் தாண்டியது. எல்எச்சியின் இன்னொரு குழுவான சிஎம்எஸ், தன் சொந்தத் தகவல்களைக் கொண்டு 2024-ல் இதை உறுதி செய்தது. சிஎம்எஸ் குழுவில் ஐஐடி மெட்ராஸும் உண்டு. கருங்குழி வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் சென்னையை நோக்கிப் போனால், அது சாலை முடியும் கிண்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எல்எச்சியின் ராட்சதக் காந்தங்களைத் துல்லியமாக நிறுத்தி வைக்கும் ஜாக்கிகளும் இந்தியாவில் தயாரானவையே.

அடுத்து என்ன செய்யலாம்?

சிஎம்எஸ் குழு 2014 முதல் தன் தகவல்களை செர்ன் ஓப்பன் டேட்டா தளத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. பெரிய ஃபைல்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது. அவற்றைத் தொட வேண்டாம். மாணவர்களுக்கென்று சிஎஸ்வி வடிவில் சிறிய ஃபைல்கள் உள்ளன. இவற்றை எக்ஸெல்லில் நேரடியாகத் திறக்கலாம். பழைய எக்ஸெல் 2003-ல் 65,536 வரிசைகள் வரைதான் திறக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இவற்றில் ஸ்பின் கோணம் கணக்கிட்டுத் தரப்பட்டிருக்காது. ஆனால் நிஜ மோதல்களில் பிறந்த மியூவான்களின் ஆற்றலும் திசையும் உங்கள் திரையிலேயே தெரியும்.

அதோடு, நாளை யாராவது பத்துப் பேரிடம் கேட்டு ஒரு சதவீதக் கணக்கைச் சொன்னால், சி1 செல் எப்படி ஆடியது என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.