குத்தகைக் கார் கட்டுபடியாகுமா?

குத்தகை என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிக் கரையில் நிலம் உடையவரும் உழுபவரும் பேசி முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, மிஞ்சியதை உழுதவர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். இன்று ஐதராபாத்தில் வாழும் நம் இல்லங்களில் அச்சொல் மீண்டும் ஒலிக்கிறது, நிலத்துக்கன்று, காருக்கு.

முன்னாளில் நம்மவர் செகந்திராபாத்தின் படைமுகாமையும் இரயில்வேயையும் நாடி இந்நகருக்கு வந்தனர். 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர்க் கணினித் தொழிலை நாடிப் பல்லாயிரவர் வந்தனர். ஊதியம் உயர்ந்தது, அதனோடு ஆசைகளும் உயர்ந்தன. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. உழைத்துச் சேர்த்தவர் நல்ல வண்டியில் செல்ல விரும்புவது இயல்பே.

அண்மையில் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் இளம் அன்பர் ஒருவர் துணைவியாருடன் நம்மைச் சந்தித்தார். "ஐயா, எங்கள் அலுவலகத்தில் காரைக் குத்தகைக்கு எடுத்துத் தருகிறார்கள். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், வரியும் குறையும். விரைவுக் கார் ஒன்றை எடுக்க எண்ணுகிறேன். இது இலாபந்தானே?" என்று கேட்டார். அவர் மனத்தில் இருந்தது பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் எம் 340 ஐ என்னும் வண்டி.

அந்த வண்டிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. செங்கற்பட்டுக்கு அருகில் 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழிற்சாலையில், நம் ஊர்த் தொழிலாளரின் கைகளால் பொருத்தப்பட்டு, 2021 மார்ச்சு மாதத்தில் அது இந்தியச் சந்தைக்கு வந்தது. மூன்று லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி போதும். அன்றைய விற்பனை நிலைய விலை 62.90 லட்சம் ரூபாய். பின்னர் வந்த மாதிரிகளுக்கு விலை மேலும் ஏறியது.

அன்பரின் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற நாம் துணியவில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம் என்றோம். அக்கணக்கையே இங்கு வாசகர் முன் வைக்கிறோம்.

வரி செய்யும் வேலை

முதலில் வரியைக் காண்போம். நிறுவனம் தன் பெயரில் காரைக் குத்தகைக்கு எடுத்து ஊழியரிடம் கொடுக்கும்போது, வாடகை அவருடைய ஊதியத் தொகுப்பிலிருந்து வரிக்கு முன்னரே கழிகிறது. அதற்கு ஈடாக, அந்தக் கார் ஒரு சலுகை எனக் கொள்ளப்பட்டு, அச்சலுகைக்கு ஒரு மதிப்பு இட்டு வரி விதிக்கப்படுகிறது. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகள், அலுவலுக்கும் சொந்தத்துக்கும் சேர்த்துப் பயன்படும் காருக்கு, செலவை நிறுவனமே ஏற்குமாயின், எஞ்சின் 1.6 லிட்டருக்கு உட்பட்டிருந்தால் மாதம் 1,800 ரூபாய் என்றும், அதற்கு மேற்பட்டிருந்தால் 2,400 ரூபாய் என்றும் மதிப்பிட்டன. ஓட்டுநர் இருந்தால் 900 ரூபாய் கூடிற்று.

இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. அது எஞ்சினின் அளவைப் பார்த்தது. காரின் விலையைப் பார்க்கவில்லை. 20 லட்ச ரூபாய்க் காருக்கும் 70 லட்ச ரூபாய்க் காருக்கும் அதே 2,400 தான் இருந்தது. ஆகவே வண்டியின் விலை ஏற ஏற, வரியில் மிஞ்சும் தொகையும் ஏறிற்று. விரைவுக் கார்கள் குத்தகையில் மலிவாகத் தோன்றுவதன் இரகசியம் இதுவே.

ஆனால் இச்சலுகைக்கு மூன்று எல்லைகள் உண்டு. ஒன்று: கார் முழுவதும் சொந்தப் பயனுக்கே ஓடினால் இந்தச் சிறு மதிப்பு பொருந்தாது, உண்மைச் செலவே சலுகையின் மதிப்பாகக் கொள்ளப்படும். இரண்டு: 30 விழுக்காட்டு வரி, புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கே உரியது. வாடகை கழிந்த பின்னும் வருமானம் அவ்வரம்புக்கு மேல் நிற்பவருக்குத்தான் முழுப் பயன் கிட்டும். மூன்று: 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு எனக் குறிக்கப்பட்டது. விதிகளும் அதனோடு மாறக்கூடியவை. ஆதலின் கையெழுத்திடும் நாளில் உள்ள மதிப்பைத் தணிக்கையாளரிடம் கேட்டறிந்து கொள்க.

மற்றொரு வரியையும் மறத்தலாகாது. 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் பெரிய கார்களுக்குச் சரக்கு, சேவை வரி 40 விழுக்காடு. காரை வாடகைக்கு விட்டால், வாடகைக்கும் வண்டிக்குரிய அதே விகிதம் பொருந்தும். மாதந்தோறும் நாம் செலுத்தும் தொகைக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

இனிவரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவை. வாசகர் தமக்குக் கிடைத்த எண்களை அவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

சாலைக்கு வரும்போது காரின் விலை 80 லட்சம் என்க. நான்கு ஆண்டுக் குத்தகைக்குக் காப்பீடும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 1,80,000 ரூபாய் என்க. 48 மாதங்களில் 86.4 லட்சம் ஆகிறது. 31.2 விழுக்காட்டு வரி இதில் மிஞ்சுமானால் ஏறத்தாழ 27 லட்சம் குறையும். சலுகை மதிப்பு அந்த 2,400 ரூபாயே எனக் கொண்டால், அதன் மேல் செலுத்தும் வரி அரை லட்சத்துக்கும் குறைவே. ஆக நிகரச் செலவு 60 லட்சம். அப்பணம் வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டியை 6 லட்சம் என்று சேர்த்தால் 66 லட்சம். முடிவில் கார் நம்முடையதன்று.

அதே காரைக் கைப்பணம் கொடுத்து வாங்கி, நான்கு ஆண்டு கழித்து 36 லட்சத்துக்கு விற்றால், விலைவீழ்ச்சி 44 லட்சம். காப்பீடும் பராமரிப்பும் 8 லட்சம். இழந்த வட்டி, வரி போக, 15 லட்சம். மொத்தம் 67 லட்சம்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! வரியில் நமக்கு மிஞ்சிய தொகையைக் குத்தகை நிறுவனத்தின் வட்டியும் இலாபமும் விழுங்கிவிட்டன. வரிச் சலுகை இல்லாமல் தனியாகக் குத்தகைக்கு எடுப்பவர்க்கோ, வட்டி இழப்பையும் சேர்த்தால் செலவு 94 லட்சத்தைத் தாண்டும். அவருக்கு இது நட்டம் என்பதில் ஐயமில்லை.

குத்தகையில் உண்மையான நன்மை ஒன்று உண்டு. உயர்விலைக் கார்கள் கைமாறும்போது விலை எவ்வளவு இறங்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. 36 லட்சத்துக்குப் போகும் என்று எண்ணிய வண்டி 28 லட்சத்துக்கே போகலாம். சொந்தமாக வாங்கியவர் அந்த 8 லட்சத்தைத் தாமே தாங்க வேண்டும். குத்தகையில் அது நிறுவனத்தின் தலையில் விழும். வண்டியை நல்ல நிலையில், ஒப்பிய கிலோமீட்டருக்குள் திருப்பித் தருவது மட்டுமே நம் பொறுப்பு. ஆகவே ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பைக் கேட்க வேண்டும். பொங்கலுக்குச் சென்னை சென்று திரும்பினாலே 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

சாலையும் வேகமும்

இந்த வேகம் இந்நகரில் எங்கே பயன்படும்? 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில், 2023-இல் உயர்த்தப்பட்ட பின்னும், உச்ச வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டரே. எளிய கார்களும் அவ்வேகத்தில் செல்லும். மாலையில் கச்சிபௌலியிலிருந்து வீடு திரும்புபவர்க்கு 387 குதிரைத்திறனும் 100 குதிரைத்திறனும் ஒன்றே. இரண்டும் முன்னே நிற்கும் ஆட்டோவின் பின்னே நிற்கும். 2023 பிப்ரவரியில் உசேன் சாகர்க் கரையில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தபோது அச்சாலைகளில் விரைவைக் கண்டோம். மற்ற நாட்களில் காண்பதில்லை.

மழையையும் எண்ணுக. 2020 அக்டோபர்ப் பெருமழையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. தாழ்ந்த அமைப்புள்ள வண்டிக்கு அந்த அச்சம் மிகுதி. எஞ்சினுக்குள் நீர் புகுந்து நேரும் சேதம் பொதுக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது. தனிச் சேர்க்கை வேண்டும். குத்தகைக் காப்பீட்டில் அது உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

துணைவியார் கேட்ட கேள்வி

இத்தனையும் எழுதி முடித்தபோது, அதுவரை பேசாதிருந்த அன்பரின் துணைவியார் ஒன்று கேட்டார்: "இடையில் இவருக்கு வேலை போனால், இந்தக் காருக்கு யார் பணம் கட்டுவது?"

நம் கணக்கில் விட்டுப்போனது அதுவே. குத்தகையின் இலாபமெல்லாம் ஊதியத்தின் மேல் கட்டிய கட்டடம். வேலை நின்றால் வரிச் சலுகையும் அன்றே நிற்கும். புதிய நிறுவனம் அந்தக் குத்தகையை ஏற்றால் நல்லது. ஏற்காவிடில் மீதித் தொகையைக் கொடுத்துக் காரை வாங்க வேண்டும், அல்லது முறிவுக் கட்டணம் செலுத்தித் திருப்பித் தர வேண்டும். 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல ஆட்குறைப்புச் செய்ததை நாம் அறிவோம். ஊரில் காணியும் வீடும் உள்ளவர் தாங்கும் அடியை, வாடகை வீட்டில் வாழும் வந்தேறிக் குடும்பம் தாங்குவது அரிது.

மற்றொரு கணக்கையும் அவ்வம்மையார் போடச் சொன்னார். 18 லட்ச ரூபாய்க் கார் ஒன்றை, மாதம் 42,000 ரூபாய்க்கு இதே அலுவலகக் குத்தகையில் எடுத்தால்? அதே முறையில் கணக்கிட, நான்கு ஆண்டுச் செலவு 15½ லட்சம் வந்தது. வேறுபாடு ஏறத்தாழ 50 லட்சம்; மாதத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றே மேல். அவர்கள் இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் சொந்த வீட்டுக்கு முன்பணம் அதுவே என்று அன்பர் தாமே கூறினார்.

நம் முடிவு இது. வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்பது இரண்டாவது வினா. அந்த வண்டி வேண்டுமா என்பதே முதல் வினா. குத்தகை மலிவு என்பது முதல் வினாவுக்கு விடை ஆகாது. அலுவலகக் குத்தகை, வாடகை போகவும் 30 விழுக்காட்டு வரம்புக்கு மேல் நிற்கும் ஊதியம், முறிவுக் கட்டணத்தோடு ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் போதிய கையிருப்பு, எப்படியும் அந்தக் காரை வாங்கியே தீரும் உறுதி: இந்நான்கும் உள்ளவர்க்கு விரைவுக் காரைக் குத்தகைக்கு எடுப்பது தவறன்று. நான்கில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருப்பதே நலம்.

அன்பர் ஒப்பந்தப் படியைக் கேட்டு வாங்கி, முறிவு விதியைப் படித்தார். ஓராண்டுக்குள் முறித்தால் கட்ட வேண்டிய தொகை, அவர்களுடைய சேமிப்பு முழுவதையும்விட மிகுதி. சிறிய காரையே எடுத்துக்கொண்டார். "வீடு கட்டிய பின் பார்த்துக்கொள்ளலாம், ஐயா" என்றார் சிரித்தபடி.

நிலக் குத்தகையில் உழுதவர்க்கு நெல்லாவது மிஞ்சும். கார்க் குத்தகையில் மிஞ்சுவது ஓட்டிய மகிழ்ச்சி மட்டுமே. அம்மகிழ்ச்சிக்கு விலை என்ன என்பதை, கையெழுத்திடுமுன் கணவனும் மனைவியும் ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, தாளும் பேனாவும் கொண்டு கணக்கிட வேண்டும் என்பதே வாசக அன்பர்க்கு நம் வேண்டுகோள்.