கூட்டமா, ஒற்றை ஆளா? ரவுட்டர் அறிவது எப்படி?

வளைகுடா நாட்டில் தொழில் புரியும் கணவரோ மகனோ இணையம் வழியாக அழைக்கும்போது, அந்தக் குரல் எத்தனை ரவுட்டர்களைக் கடந்து உங்களிடம் வருகிறது தெரியுமா? நாற்சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரைப் போல, தகவலுக்கு வழிகாட்டும் கருவியே ரவுட்டர்.

ரவுட்டருக்குப் பல வாசல்கள் உண்டு. இவற்றை 'இடைமுகம்' என்பர். ஒரு வாசல், பலர் கூடிய கல்யாண வீட்டுக்குத் திறக்கும். இன்னொன்று, வேலிக்கு அப்பால் நிற்கும் ஒரே ஓர் அயலவரிடம் திறக்கும். மற்றொன்று தன் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.

இடமறிந்து பேச வேண்டுமல்லவா? கூட்டத்தில் 10 ரவுட்டர்கள் இருந்து, எல்லாம் எல்லாவற்றோடும் பேசினால் 45 சோடிகள் உருவாகும். எனவே, 'ஓ.எஸ்.பி.எஃப்.' எனும் விதிமுறைப்படி ஒரு தலைவரும் ஒரு துணைத்தலைவரும் தெரிவாவர். அப்போது 17 சோடிகளே போதும். இருவர் மட்டும் பேசும் இடத்தில் தலைவர் எதற்கு?

சரி, எந்த வாசல் எத்தகையது என்பதை மென்பொருள் எப்படி அறிகிறது? அது கம்பியைப் பரிசோதிப்பதில்லை. லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு வாசலிலும் ஒட்டியுள்ள அடையாளத்தையே வாசிக்கிறது. 'குவாகா', அதன் வழிவந்த 'எஃப்.ஆர்.ஆர்.' ஆகிய மென்பொருட்கள் இரண்டு கேள்விகளே கேட்கும். இது இருவருக்கான வாசலா? இல்லையென்றால், தனக்குள்ளே திரும்பும் வாசலா? இரண்டும் இல்லையென்றால், கூட்டம் என்றே முடிவு கட்டிவிடும்.

சிக்கல் இங்கேதான். இரண்டு ரவுட்டர்களை மட்டும் சாதாரண ஈதர்நெட் கம்பியால் இணைத்தாலும், அடையாளம் 'கூட்டம்' என்றே சொல்லும். உடனே தலைவர் தெரிவு! வழக்கமான அமைப்பில் அதற்காக 40 விநாடிகள் வரை காத்திருக்கும். வேறு வழி இல்லையென்றால், அதுவரை அந்தப் பக்கம் தகவல் போகாது.

இதற்குப் பரிகாரம் எளிது. 'இது இருவருக்கான வழி' என்று பொறியியலாளர் தம் கையால் எழுதிவிட வேண்டும். ஆனால் இரு முனைகளிலும் எழுத வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதினால், இரண்டும் ஒன்றையொன்று அறிந்து தகவலும் பரிமாறும். ஆயினும் இருவர் கணக்கும் பொருந்தாததால் அந்த வழியைப் பயன்படுத்தா. வெளிப் பார்வைக்கு எல்லாம் சரி. உள்ளே பாதை இல்லை!

இயந்திரம் ஒட்டிய அடையாளத்தைத்தான் நம்பும். உள்ள நிலையை அறிந்த மனிதர்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை அழைப்பு இடையில் அறுந்தால், அழைத்தவர் மீது உடனே கோபப்படாதீர்கள். எங்கோ ஒரு ரவுட்டர், தேவையில்லாத தலைவருக்காகக் காத்திருக்கவும் கூடும்!