ஹூக்ளி ஆற்றில் நின்ற துலா

எங்கள் அப்பு துலா மிதித்தவர். அளவெட்டிச் செம்மண் தோட்டத்தில், ஆடுகால் என்ற தூணுக்கு மேலே கிடந்த துலா மரத்தில் கிணற்றுப் பக்கமாக நாலு எட்டு வைப்பார். தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். திரும்பி நடப்பார், நிறைந்த பட்டை மேலே வரும். 'வோட்டர் பம்ப்' வந்ததும் துலாவைக் கழற்றிவிட்டார்கள்.

கன்டிலீவர் பாலம் என்றால் என்னவென்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் துலாவைத்தான் காட்டுவேன். கிணற்றுக்கு மேலே நீளும் அதன் கையைக் கீழிருந்து எதுவும் தாங்குவதில்லை. மறுபக்கத்துப் பாரம்தான் அதை விழாமல் பிடித்து வைத்திருக்கிறது.

வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் குறுக்கே 1887இல் திறக்கப்பட்ட ஜூபிலி ரயில் பாலமும் இதே கணக்குத்தான். விக்டோரியா மகாராணி அரியணையேறி 50 ஆண்டு நிறைந்ததால் அந்தப் பெயர். பிராட்ஃபோர்ட் லெஸ்லி வடிவமைத்த அதன் நீளம் 1,200 அடி. ஆற்று நடுவே இரண்டு தூண்கள். அவற்றின் மேல் 360 அடிச் சட்டகம் ஒன்று இரு கரைகளையும் நோக்கிக் கை நீட்டி நிற்கும். கரையிலிருந்து வரும் 420 அடி உத்தரங்களின் மறுமுனைகள் அந்தக் கை நுனிகளில் வந்து உட்காரும். ஒரு கரையிலுள்ள நைஹாட்டிப் பக்கத்தால் ரயில் ஏறினால் அந்தப் பக்கக் கை தாழப் பார்க்கும். மறுகரையிலுள்ள பண்டேல் பக்கத்துப் பாரம் விடாது. அப்பு நடந்த நடைதான். ஆனால் இங்கே ஆடுகால் இரண்டு, துலா ஆடவும் கூடாது.

அதே 1887இல் பெஞ்சமின் பேக்கர் லண்டனில் ஒரு வேடிக்கை காட்டினார். ஸ்கொட்லாந்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த ஃபோர்த் பாலத்தை விளக்கத்தான். இரண்டு பேர் கதிரைகளில் இருந்து இருபுறமும் கை நீட்டினார்கள். கைகளுக்குச் சாய்வாகத் தடிகள் முட்டுக் கொடுத்தன. வெளிக் கைகளில் செங்கற் பாரம். உள் கைகளுக்கு நடுவே தொங்கிய பலகையில் ஜப்பானியப் பொறியியலாளர் கைச்சி வதனபே. தோள் இழுபடும், தடி நெரிபடும். பாலத்தின் உறுப்புகளும் அப்படித்தான். இதைவிட நல்ல பௌதிகப் பாடத்தை நான் கண்டதில்லை.

1879 டிசம்பர் 28 இரவு அதே ஸ்கொட்லாந்தில் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்திருந்தது. அதனால்தான் ஃபோர்த் பாலத்துக்கு அத்தனை முரட்டு உடம்பு. 1890இல் திறக்கப்பட்ட அதில் 521 மீற்றர் இடைவெளிகள் இரண்டு. இன்றும் ரயில் ஓடுகிறது.

ஜூபிலி பாலம் 129 ஆண்டு சுமந்து, 2016 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. இப்போது ரயில்கள் பக்கத்திலுள்ள சம்பிரீதி பாலத்தால் போகின்றன.