தைராய்டு மாத்திரையும் உடல் எடையும்



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு சகோதரி, மருந்துச் சீட்டில் ஒரு வரியைக் காட்டி, "இந்த மாத்திரைக்கு மட்டும் காசு வேண்டாம் பாய். இதனால்தான் உடம்பு போட்டுவிட்டது. நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது" என்றார். தைராய்டு அதிகமாகச் சுரந்ததற்காகக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர் அவர். முகம் வீங்கி, குரல் கம்மி, பேச்சே மெதுவாக வந்தது. அன்றே மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். இதே எண்ணம் வேறு சிலரிடமும் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது, எவ்வளவு சாப்பிட்டாலும் உடல் எரித்துவிடும். ஆள் இளைத்துப் போவார். சிகிச்சைக்குப் பின் எரிவது குறைகிறது. ஆனால் நோயின்போது பழகிய பசியும் தட்டின் அளவும் அப்படியே இருக்கின்றன. இழந்த எடை திரும்புகிறது, சிலருக்கு அதற்கு மேலும் ஏறுகிறது. இன்னொரு புறம், இந்தச் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோருக்குச் சுரப்பி போதிய அளவு வேலை செய்வதில்லை. அறுவை சிகிச்சையில் முழுதும் எடுத்துவிட்டால் சுரப்பே கிடையாது. ஹார்மோன் குறைந்தால் உடலில் உப்பும் நீரும் தங்கும். இந்தக் குறைவால் மட்டும் கூடுவது பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோதான். 15 கிலோ கூடியவர் முழுப் பழியையும் தைராய்டின் மேல் போட முடியாது.

தைராக்ஸின் மாத்திரை எடையை ஏற்றுவதில்லை. சுரப்பி தர வேண்டியதை அதுதான் ஈடு செய்கிறது. அதை நிறுத்திவிட்டு இளைக்க முயல்வது, அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு வேகவில்லையே என்பது போல.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். டீயோ பலகாரமோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பஜ்ருக்கு எழுந்ததும் போட்டுக்கொண்டால், தொழுது, குர்ஆன் ஓதி முடிக்கும்போது டீக்கு நேரம் சரியாக இருக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரமளானில், இரவு கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். அல்லது சஹர் உணவுக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே எழுந்து போடலாம். எது பொருந்தும் என்று நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். இரத்தப் பரிசோதனை செய்தால்தான் சரியான நிலை தெரியும். சீக்கிரம் இளைக்க ஒன்றுக்கு இரண்டாகப் போடுபவர்களும் உண்டு. இது நிறுத்துவதைப் போலவே ஆபத்து. நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். பக்கத்து வீட்டு லாத்தாவின் அளவோடு ஒப்பிடவும் வேண்டாம். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருக்கு மருத்துவரே வேண்டுமென்று அளவைக் கூட்டி வைத்திருப்பார். கர்ப்பம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவு பெரும்பாலும் கூட்டப்படும்.

டி.எஸ்.ஹெச். சரியான பின்னும் எடை குறையாவிட்டால், பார்க்க வேண்டியது தட்டைத்தான். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால், சர்க்கரையில் மட்டும் சுமார் 130 கலோரி. விருந்து பிரியாணியை விட, அன்றாடம் இரண்டு வேளை குவித்து வைக்கும் சோறுதான் அதிகம் சேர்க்கிறது. சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் மீன், முட்டை, பருப்பு, காய்கறி வையுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். வாரம் அரை கிலோ குறைந்தாலே நல்ல குறைவு. முட்டைக்கோஸ் தொடக் கூடாது என்று பயப்படுகிறார்கள். சுரப்பியே இல்லாதவருக்கு அது எதைத் தடுக்கப் போகிறது? கருஞ்சீரகமும் தேனும் சாப்பிடுங்கள், நாமும் சாப்பிடுகிறோம். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

அந்தச் சகோதரி மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மாத்திரைக்கோ பரிசோதனைக்கோ சிரமப்படுபவர்கள் மருத்துவச் சீட்டுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். விவரம் வெளியே போகாது.