களம் விட்ட பிறகு என்ன? ஆலன் பேஜ் சொல்லும் பதில்

விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அதன் பிறகு என்ன செய்வது? உங்கள் வீட்டிலும் விளையாட்டில் தீவிரமான பிள்ளை இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கும் இருக்கும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆலன் பேஜின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில்.

முதலில், இந்த ஆட்டத்தில் தற்காப்பு வீரரின் வேலை என்ன? அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேற விடாமல் மறிப்பதே தற்காப்பு வீரரின் பொறுப்பு. பேஜ் ஆடியது டிஃபென்சிவ் டாக்கிள் (தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்) இடத்தில். எதிரே மலைபோல் நிற்பவர்களைத் தாண்டிப் பாய்ந்து, குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அவர் கீழே சாய்க்க வேண்டும்.

அவர் எவ்வளவு பெரிய வீரர்? 1945-ல் ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தவர். 1967-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். 1971-ல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. தற்காப்பு வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அவருடைய அணி நான்கு முறை சூப்பர் பவுல் (இறுதிப்போட்டி) வரை போய் நான்கிலும் தோற்றது. ஆனாலும் 15 ஆண்டுகளில் பேஜ் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை.

உடல் அதற்கு விலை கொடுக்கவில்லையா? கொடுத்தது. அவர் கையை நீட்டினால் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். களத்தில் மூட்டு விலகிய விரல் அது. பின்னாளில் மகளோடு சேர்ந்து அந்த விரலை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதினார்.

சட்டம் படித்தது எப்போது? ஓய்வு பெற்ற பிறகு அல்ல, ஆடிக்கொண்டிருந்தபோதே. முதல் முறை சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். பிறகு மீண்டும் சேர்ந்து, 1978-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வைக்கிங்ஸ் அணி அவரை விடுவித்தது. அவர் ஓட்டப்பயிற்சியில் இறங்கி எடை குறைந்துபோனது அணிக்குப் பிடிக்கவில்லை. சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போய் 1981 வரை ஆடினார். ஆட்டம் முடிந்தபோது கையில் வழக்கறிஞர் தொழில் தயாராக இருந்தது.

நீதிபதியானது எப்படி? மினசோட்டா மாநிலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-ல் ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் அந்த இடத்துக்கான தேர்தல் நின்றுபோனது. பேஜ் வழக்குப் போட்டு வென்று, தேர்தலிலும் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். 2015-ல் 70 வயதில், சட்டப்படி ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார். களத்தில் இருந்ததைவிட நீதிமன்றத்தில் அதிக ஆண்டுகள்!

புகழை எதற்குப் பயன்படுத்தினார்? 1988-ல் மனைவி டயானுடன் சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். கல்லூரி செல்லும் மாணவர்களுக்கு அது உதவித்தொகை தருகிறது. ஒரு நிபந்தனை உண்டு: உதவி பெறுபவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கைகொடுக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? மூன்று விஷயங்கள். ஒன்று, இரண்டாவது தொழிலுக்கான படிப்பை முதல் தொழில் நன்றாக நடக்கும்போதே தொடங்குங்கள். வருமானமும் உடல்வலுவும் அப்போதுதான் துணைக்கு இருக்கும். இரண்டு, பாதியில் விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்க வெட்கப்பட வேண்டாம். மூன்று, பிள்ளை விளையாட்டில் கெட்டிக்காரனாக இருக்கிறான் என்பதற்காகப் பாடத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள். விளையாட்டை விட்டுவிடவும் சொல்லாதீர்கள்.

எல்லோரும் நீதிபதியாக முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, ஆகவும் வேண்டாம். கணக்கு எழுதுவதோ, பயிற்சி கொடுப்பதோ, ஒரு கைத்தொழிலோ போதும். காயமோ வயதோ களத்தை விட்டு வெளியேற்றும் நாளில் அது கையில் இருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இந்த ஆண்டே போடுங்கள்.