சுவருக்குள் இருக்கும் லிஸ்பன்

லிஸ்பன் நகரின் நடுவில் பாய்ஷா என்ற பகுதி. தேஜு ஆற்றங்கரையிலிருந்து உள்நோக்கி நேர்நேராகத் தெருக்கள் ஓடுகின்றன. இருபுறமும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி ஜன்னல்களோடு மாடிக் கட்டடங்கள். வெளியே பார்த்தால் கல்லும் சுண்ணாம்பும்தான். சுவருக்குள்ளே மரம் இருக்கிறது. குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் பிணைத்த மரச்சட்டங்கள். இடைவெளிகளில் உடைகல்லும் சாந்தும். போர்ச்சுகல்லில் இதற்குக் ‘கையோலா’ என்று பெயர், கூண்டு என்று பொருள். 1755இல் நிலநடுக்கத்தில் நகரம் விழுந்தபின், அடுத்த அதிர்ச்சிக்கு விழக் கூடாது என்று எழுப்பிய சுவர்கள் இவை. நிலநடுக்கத்தை மனதில் வைத்தே ஒரு நகரின் மையத்தைத் திட்டமிட்டுக் கட்டிய ஐரோப்பாவின் முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

நான் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் வீடுகள் கட்டும் பணியை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவன். ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் மகள், லிஸ்பனுக்குப் போவோம் என்றபோது நான் கேட்டது ஒன்றுதான். அந்தச் சுவரைக் காட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஐரோப்பிய நகரங்களில் வழிகாட்டியோடு சுற்ற இரண்டு மூன்று வழிகள் உண்டு. குடையை உயர்த்திப் பிடித்தவர் பின்னால் பெருங்கூட்டமாகப் போவது ஒன்று. ‘இலவச நடை’ என்று சொல்லி முடிவில் விருப்பப்பட்ட தொகையை வாங்கிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, நமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி. இது பணக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இல்லை, குழுவுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒரு குடும்பமாகப் போனால் பங்கு குறைந்துவிடும். பேருந்துச் சுற்றுலாவுக்கு ஆளாளுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மகள் எழுதிய கடிதத்துக்கு வழிகாட்டி அனுப்பிய பதிலே எனக்கு நம்பிக்கை தந்தது. விலையைச் சொல்லும் முன் கேள்விகளைக் கேட்டிருந்தார். பெரியவர்களால் எவ்வளவு படி ஏற முடியும்? இறைச்சி சாப்பிடுவார்களா? அப்பா எந்த வகைக் கட்டடங்களில் வேலை பார்த்தார்? லிஸ்பன் குன்றுகளின் ஊர். அதனால் மேலே வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழ்நோக்கி நடக்கும்படி அவர் வழியை வகுத்திருந்தார். என் மனைவிக்கு முழங்கால் வலி. அவளுக்காகவே போட்ட திட்டம் அது. ரப்பர் அடி வைத்த செருப்பு அவசியம் என்றும் எழுதியிருந்தார். அங்கே நடைபாதையில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லையும் கறுப்புக் கல்லையும் சிறு சிறு துண்டுகளாகப் பதித்துக் கோலமிட்டிருக்கிறார்கள். காலடி பட்டுப் பட்டு அது மெருகேறியிருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும்.

அல்ஃபாமா குன்றில் சாந்தா லூசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரம் ஒன்று உண்டு. அதன் முன்னால் எங்களை நிறுத்தினார். ஆற்றங்கரைச் சதுக்கமும் அதன் அருகே அரண்மனையும். நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பன். “இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே போனதும் இது அங்கே இருக்காது” என்றார். அல்ஃபாமாவின் குறுகிய சந்துகள் 1755இல் பெருமளவு தப்பிவிட்டன. குன்றின் அடியில் இருப்பது உறுதியான நிலம். பாய்ஷா இருப்பதோ ஆறும் ஓடைகளும் கொண்டுவந்து போட்ட வண்டல்மேல். ஒரே அதிர்ச்சி, இரண்டு மண், இரண்டு விதி.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குமேல் ஆலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்தது, பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் பூமி ஆடியது. ஒருமுறை ஆடி நிற்கவில்லை. சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஆடியது. கூரைகள் விழுந்தன. உயிர் பிழைத்தவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி, அடியில் கிடந்த பழைய சரக்குகள்கூடத் தெரிந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பிறகு அலை வந்தது. கவிழ்ந்த மெழுகுவத்திகளும் சமையல் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. அரண்மனையும் அதன் நூலகமும் அந்த ஆண்டு வசந்தத்தில்தான் திறந்த இசை நாடக அரங்கும் போயின. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பல்லாயிரம் பேர் என்பது மட்டும் உறுதி.

ஆற்றங்கரைச் சதுக்கத்தில் நின்று அவர் இதைச் சொன்னபோது, 2004இல் எங்கள் கடற்கரையிலும் கடல் உள்வாங்கியதையும், துள்ளிய மீன்களைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடியதையும் சொன்னேன். அதன்பின் அவர் பேச்சின் போக்கே மாறிவிட்டது. சதுக்கத்துச் சிலையின் உயரம், வளைவின் அகலம் எல்லாம் விட்டுப்போயின. யார் வீடு கட்டினார்கள், எங்கே கட்டினார்கள், மீனவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நான் அவர் ஊரைப் பற்றிக் கேட்டேன். கூட்டத்தோடு போயிருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.

லிஸ்பனை மீட்டெடுத்தவர் என்று எல்லாரும் சொல்வது பொம்பால் பிரபுவை. அப்போது அமைச்சர், மன்னர் முதலாம் ஜோசேயின் வலக்கை. மன்னரோ கல் கட்டடத்துக்குள் போகவே அஞ்சி, அஜுடா குன்றில் மரத்தாலான குடியிருப்பில் வாழ்ந்தார். ஆனால் என் மனம் போய் நின்றது மானுவெல் ட மாயா என்ற பொறியாளரிடம். அன்று அவருக்கு 78 வயது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய நீர்க்கால்வாய்ப் பணியில் உழைத்தவர். பள்ளத்தாக்கைத் தாண்ட உயர்ந்த கல்வளைவுகளின்மேல் ஓடும் அந்தக் கால்வாய் நிலநடுக்கத்திலும் நின்றது. நாட்டின் ஆவணக் காப்பகமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கோட்டையில் அதை வைத்திருந்த கோபுரம் விழுந்ததும், இடிபாடுகளிலிருந்து ஏடுகளைக் காப்பாற்றிப் பலகைக் கொட்டகைக்குள் சேர்த்தார்.

அந்த முதியவர் அரசுக்கு ஒரே தீர்வை எழுதித் தரவில்லை. பழையபடியே கட்டலாம். தெருக்களை மட்டும் அகலமாக்கலாம். பாய்ஷாவை முழுதும் இடித்துத் தள்ளிப் புதிதாக வரையலாம். நகரத்தையே மேற்கே பெலேம் பக்கம் நகர்த்தலாம். ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன சிக்கல், யாருடைய சொத்துரிமை பாதிக்கப்படும் என்று எழுதினார். நாகப்பட்டினத்தில் நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் இதே கேள்வியில்தான்: பழைய இடமா, உள்ளே தள்ளியா? தள்ளிக் கட்டினால் பாதுகாப்பு. ஆனால் படகையும் வலையையும் கண்ணில் படாத தூரத்தில் விட்டுவிட்டு எந்த மீனவர் தூங்குவார்? கேள்வியை முழுதாக எழுதி வைத்த ஒருவரை, இருநூற்றைம்பது ஆண்டுக்கு அப்பால் பார்த்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

முழுதும் இடித்துப் புதிதாகக் கட்டும் வழியையே அரசு தேர்ந்தது. எயுஜெனியோ டோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல் ஆகியோர் வரைபடங்களை வகுத்தார்கள். இடிபாடுகளைக் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். ஈரமண்ணில் பைன் மரக்கழிகளை அடித்து இறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் போட்டார்கள். நீருக்குள் மூழ்கிய மரம் காற்றுப் படாததால் மக்காது. நிலத்தடி நீர் இறங்கினால்தான் ஆபத்து. அந்தக் கழிகளை இன்றும் பார்க்கலாம். ருவா டோஸ் கொர்ரேய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் தொல்லியல் அகழ்விடம் ஒன்றைப் பாதுகாக்கிறார்கள். முன்பதிவு செய்தால் கட்டணமின்றி அழைத்துக் காட்டுகிறார்கள். வழிகாட்டி எங்களுக்கு ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தார். கழிகளுக்கு அருகிலேயே ரோமானியர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகள் இருக்கின்றன. தூத்துக்குடிக்காரியான என் மனைவி அங்கிருந்து நகரவே இல்லை. “என்னங்க, உப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க” என்றாள். தேஜு முகத்துவாரத்தில் உப்பளங்கள் இருந்ததைச் சொல்லி, அடுத்த கால்மணி நேரம் அவளுக்கே வகுப்பு நடந்தது.

பிறகு கூண்டு. சுவரின் பூச்சை எடுத்து மரச்சட்டங்களைக் கண்ணில் படும்படி விட்டிருந்த ஒரு கடைக்குள் அழைத்துப் போனார். சதுரச் சட்டங்களுக்குள் பெருக்கல் குறிபோல மூலைவிட்டங்கள். கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் பிளந்துவிடும். மரம் இழுவையையும் தாங்கும், கொஞ்சம் நெளிந்தும் கொடுக்கும். பனையோலைப் பெட்டியை அமுக்கினால் நெளியுமே தவிர உடையாது. இந்தச் சுவரிடமும் அதையே எதிர்பார்த்தார்கள். முகப்புக் கல் உதிர்ந்தாலும் உள்ளே இருக்கும் கூண்டு தளங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும், மனிதர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்க வேண்டும். தீ பரவாமல் இருக்க வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கூரைக்கு மேலே உயரும் கல்சுவர். கதவு, ஜன்னல், இரும்பு வேலை எல்லாம் அளவு குறித்து, ஒரே மாதிரி செய்தார்கள்.

கூண்டு மாதிரி ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களை நடக்கவிட்டுத் தரையை அதிரவைத்துச் சோதித்தார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்களாம். இவரும் சொன்னார், ஆனால் “இது ஊரில் சொல்லிவரும் கதை, ஏடு காட்டச் சொன்னால் என்னால் முடியாது” என்று சேர்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்த இடம் அது.

தெருப்பெயர்களும் அந்தத் திட்டத்தின் பகுதிதான். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, துணி வணிகர் தெரு. எந்தத் தொழில் எங்கே என்று வகுத்துப் பெயரிட்டார்கள். பொம்பால் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது என்பேன். பங்கு ஆலயங்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? கிணறுகளில் என்ன மாற்றம்? எத்தனை வீடு விழுந்தது? அந்தப் பதில்கள்தான் இன்றைய ஆய்வாளர்களுக்கு மூல ஆவணம்.

அதற்காக அவரை நல்லவர் என்று சொல்லிவிட வழிகாட்டி விடவில்லை. ரோசியு சதுக்கத்தில் நிறுத்தி மலக்ரிடா என்ற முதிய இயேசு சபைத் துறவியின் முடிவைச் சொன்னார். நிலநடுக்கம் கடவுளின் தண்டனை, கட்டுவதைவிட மனந்திரும்புவதே முதல் வேலை என்று எழுதியவர். 1761இல் இதே சதுக்கத்தில் அவரைக் கொன்று எரித்தார்கள். இயேசு சபையை அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேற்றியாகிவிட்டது. நேர்த்தியான தெருக்களும் இந்தக் கொடுமையும் ஒரே மனிதரின் ஆட்சியில் நடந்தவை.

கார்மோ மடத்துக்கு மேலே ஏற வேண்டும். 1902இல் திறந்த சாந்தா ஜுஸ்தா இரும்புத் தூக்கியின் முன் நீண்ட வரிசை நின்றது. அவர் எங்களைப் பாய்ஷா–சியாடு மெட்ரோ நிலையத்துக்குள் கூட்டிப்போய், நகரும் படிகளில் மேலே கொண்டுவந்துவிட்டார். கூரையில்லாத ஆலயம், வானத்தின் குறுக்கே கல்வளைவுகள். எல்லாரும் அதை 1755 விட்டுவைத்த எலும்புக்கூடு என்று நினைத்துப் படமெடுக்கிறார்கள். உண்மையில் நடுக்கூடத்தின் வளைவுகள் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பழைய பாணியிலேயே திரும்பக் கட்டத் தொடங்கியவை. 1834இல் துறவு மடங்களைக் கலைத்தபோது வேலை நின்றது. பிறகு வந்தவர்களுக்கு இடிபாட்டின் அழகு பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார்கள். ஒருவர் அருகில் நின்று சொல்லாவிட்டால் இது தெரியாமலே திரும்பியிருப்பேன்.

பெலேமுக்கு மாலையில் டிராமில் போனோம். ஜெரோனிமோஸ் மடத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் உண்டு. மனைவியின் ஆர்வம் வேறு. அவள் பிறந்த முத்துக்குளித்துறையிலிருந்து போன தமிழர்கள் உதவியோடு 1554இல் இதே லிஸ்பனில் ஒரு மறைக்கல்விச் சிறுநூல் அச்சாகியது. தமிழைப் போர்ச்சுகீசிய எழுத்தில் எழுதி அச்சிட்ட நூல். கொல்லத்தில் 1578இல் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாவதற்கு 24 ஆண்டுகள் முன்பு. வழிகாட்டிக்கு அது புதுச் செய்தி. எழுதிக்கொண்டார், இனி இந்தியர்கள் வந்தால் சொல்வேன் என்றார். அவரிடம் நாங்கள் பெற்றதற்கு இதையாவது கொடுத்தாள் என் மனைவி.

போகிறவர்களுக்கு ஒன்று: திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஜெரோனிமோஸ் உட்படப் பல இடங்கள் மூடியிருக்கும்.

திரும்பும் வழியில் பாய்ஷாவில் சாரம் கட்டிய கட்டடம் ஒன்றைக் காட்டினார். விடுதியாக மாறுகிறதாம். கடைக்கு இடம் வேண்டும் என்று கீழ்த்தளத்தில் சுவர்களை அறுத்தெடுப்பதும், மேலே தளம் ஏற்றுவதும் அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. குழாய் கசிந்தால் மரமும் கெடும். போர்ச்சுகல்லின் பொறியாளர்கள் இந்தச் சுவர்களை ஆய்வுக்கூடங்களில் செய்து அசைத்துச் சோதித்து, எப்படிப் பலப்படுத்தலாம் என்று எழுதுகிறார்கள். வெளியில் நிற்கும் சாதாரண ஆளுக்குச் சுவர் மிச்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று வழிகாட்டி என்னிடம் கேட்டார். “மாடியில் ஒரு குறுக்குச் சுவரைப் பாருங்கள். அதற்கு நேர் கீழே, கடைக்குள்ளும் சுவர் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். இல்லையென்றால், மேலே உள்ள பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று உரிமையாளரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கட்டடத்தில் தங்காதீர்கள்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.